தங்கம் கரைந்த வாரம்

ஜனவரி 6, திங்கள்

குளோரோஆரிக் அமிலம் வந்துவிட்டது. ஒரு கிராம் குப்பி, ஆரஞ்சு கலந்த மஞ்சள் படிகங்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், உடனே மூடு என்றார் ஆய்வகத்து அக்கா. எடுக்க பிளாஸ்டிக் கரண்டிதான். எஃகு பட்டால் படிகம் அங்கேயே தங்கமாகிவிடும். இந்தப் படிகத்தின் எடையில் பாதி தங்கம். அது நினைவுக்கு வந்ததும் தராசுப் பக்கத்து மின்விசிறியை நிறுத்தினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

கண்ணாடிப் பாத்திரங்களை ராஜதிராவகத்தில் கழுவினோம். ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு நிறம், குளோரின் நெடி. மூடி இறுக்கினால் குப்பி வெடித்துவிடும்.

இரண்டில் எதுவும் தனியாகத் தங்கத்தைக் கரைக்காது. சேர்ந்தால் வலிமை கூடுகிறது என்றே பள்ளியில் படித்தோம்; அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எலக்ட்ரானைப் பறிப்பது நைட்ரிக். ஆனால் அது பறிப்பது மிகச் சொற்பம், பறிகொடுத்த அயனியோ மறுபடி உலோகமாகத் துடிக்கிறது. அதை நான்கு குளோரைடுகள் சதுரமாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால்தான் மேலும் மேலும் தங்கம் கரைகிறது. தனித்த தங்க அயனியின் ஒடுக்க மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட், குளோரைடின் பிடியில் அது 1.0 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. பாராட்ட வேண்டியது இந்த எளிய குளோரைடைத்தான்.

ஜனவரி 9, வியாழன்

தங்க நுண்துகள் செய்ய, துர்கெவிச் 1951-இல் வெளியிட்ட முறை. குளோரோஆரிக் அமிலத்தின் கொதிக்கும் கரைசலில் சோடியம் சிட்ரேட் விட்டோம். மஞ்சள் வெளிறி நிறமே இல்லாமல் போனது, பிறகு கருநீலம், பிறகு மாதுளைச் சாறுபோல் சிவப்பு. கொஞ்சம் உப்புநீர் விட்டதும் துகள்கள் ஒட்டிக்கொள்ள, நீலமானது. 1857-இல் ஃபாரடே கண்டதும் இந்த மாற்றத்தைத்தான்.

ஜனவரி 11, சனி

1940-இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனில் நுழைந்தபோது, இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வு நிலையத்தில், ஜெர்மானிய இயற்பியலாளர்கள் லாவ், ஃப்ராங்க் இருவரின் நோபல் பதக்கங்கள் இருந்தன. பெயர் பொறித்தவை, ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்பியது பெருங்குற்றம். அங்கிருந்த வேதியியலாளர் ஹெவெசி அவற்றை ராஜதிராவகத்தில் கரைத்துவிட்டார். போர் முடியும்வரை குப்பி அலமாரியிலேயே இருந்தது. அந்தத் தங்கத்திலிருந்தே பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. துணிச்சல் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு, கரைந்த தங்கம் முழுதாகத் திரும்பும் என்ற அவருடைய நம்பிக்கைதான் பெரிதாகப் படுகிறது.

மாலையில், மீந்த குளோரைடு கரைசலில் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்தோம். அடியில் பழுப்புத் தூள் படிந்தது. மேல்நீரில் ஒரு துளி எடுத்து ஸ்டானஸ் குளோரைடு விட்டுப் பார்த்தார் அக்கா. ஊதா வரவில்லை, தங்கம் மிச்சமில்லை. திங்கட்கிழமை வடிகட்ட வேண்டும்.