அடிக்கட்டைகள்

தொழிற்சங்கத்தைப் பற்றிய நம் கதைகளில் வேலைநிறுத்தம் வரும்; ஆலை வாசலில் தடியடி வரும்; இறுதியில் விலைபோன தலைவர் ஒருவரும் வருவார். ரொக்கப் புத்தகம் வருவதில்லை. கணக்கில் இலக்கியம் ஏது என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அப்படி எண்ணியதற்கு ஒரு மனிதர் விலை கொடுத்தார். அதனால் இதை எழுதுகிறோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாங்கள் நால்வரும் கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தோம். இரவுப் பணி முடிந்து வந்து சிற்றிதழ் படிப்பவர்கள் என்பதால், சங்கத்தின் துண்டறிக்கைகளை எழுதும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. சம்பள நாளன்று ஆலை வாசல் தேநீர்க் கடையை ஒட்டிப் பொருளாளர் உட்கார்ந்திருப்பார். மாதச் சந்தா 5 ரூபாய், தீபாவளி போனஸின்போது 100 ரூபாய். அவர் கிழித்துத் தரும் ரசீது சட்டைப் பையில் கிடந்து, துவைக்கும்போது உருண்டையாகிவிடும். அடிக்கட்டைகள் மட்டும் அவரிடம் பத்திரமாக இருந்தன. ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரி வாசிப்பார்கள். கை தட்டிவிட்டுத் தேநீர் குடிப்போம். எதற்குச் செலவு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு 41 நாள் வேலைநிறுத்தம் வந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதியின் ஏமாற்றத்துக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டுதான் பொருளாளர் தம் ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டிருந்தார். தேநீர்க் கடையில் இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். நேரில் யாரும் கேட்கவில்லை. ஆனால் மாதாமாதம் சந்தா குறைந்தது.

செயற்குழு எங்கள் நால்வரையும் கணக்குப் பார்க்கச் சொன்னது. அவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று இரவுகள் உட்கார்ந்தோம். சந்தா வரவில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அடிக்கட்டைகள் வரிசை எண் தவறாமல் இருந்தன. செலவில்தான் இடித்தது. வேலைநிறுத்தக் காலத்தில் 11,340 ரூபாய்க்குச் சீட்டு இல்லை.

"கணக்குக் கேக்கறதுல தப்பில்லீங்க தம்பி. கேக்கோணும். ஆனா முன்னாலயே கேட்டிருக்கோணும்" என்றார். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் வீடு வீடாகப் போய்க் கொடுத்த பணம் அது. கையெழுத்துக் கேட்டால் வாங்குகிறவர் கூசிப்போவார் என்று கேட்கவில்லை. யார் யார் என்று கேட்டோம்.

"பேரைச் சொன்னா அவங்க நாளைக்கு வாசல்ல எப்படி நிப்பாங்க?"

பொதுக்குழுவில் நாங்கள் எழுதிக்கொடுத்த அறிக்கையில் பொய் ஒன்றுமில்லை. '11,340 ரூபாய்க்குச் சீட்டுகள் இல்லை' என்று எழுதியிருந்தோம். கூட்டத்தின் காதில் அது வேறொரு சொல்லாக விழுந்தது. அவர் எழுந்து பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். எட்டு மாதம் கழித்து எங்களில் ஒருவர், தம் வீட்டுக்கும் அந்நாளில் 300 ரூபாய் வந்ததென்று சொன்னார். கணக்குப் பார்த்த மூன்று இரவுகளிலும் அவர் எங்களோடுதான் இருந்தார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை. அந்தக் கூச்சத்தைத்தான் பொருளாளர் காப்பாற்ற முயன்றார்.

சட்டத்தை அதற்குப் பிறகே படித்தோம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது சங்கங்களுக்கென்று சட்டம் ஏதும் இல்லை. 1920இல் பின்னி நிறுவனத்தின் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர் பி. பி. வாடியா மீது வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களைக் காக்கும் தேவையிலிருந்துதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பாதுகாப்புத் தந்த அதே சட்டம் கணக்கும் கேட்டது. பொது நிதியை எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்று 15ஆம் பிரிவு பட்டியலிட்டது. தொழில் தகராறில் இழப்புற்ற உறுப்பினருக்கு ஈடு தருவதும், நோய்க்கும் முதுமைக்கும் உதவுவதும் அதில் இருந்தன. அரசியல் செலவுக்குத் தனி நிதி வேண்டும், அதற்குப் பணம் தர எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது 16ஆம் பிரிவு. கணக்குப் புத்தகங்களை எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்றது 20ஆம் பிரிவு. ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவுசெலவைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்றது 28ஆம் பிரிவு.

பொருளாளர் செய்த உதவி அத்தனையும் சட்டம் அனுமதித்த செலவே. பெயருக்குப் பதிலாக ஓர் எண், உடன் சென்ற இன்னொருவரின் கையெழுத்து, செயற்குழுவின் ஒரு வரித் தீர்மானம் என்று இவ்வளவு இருந்திருந்தால் வாங்கியவரின் மானமும் கொடுத்தவரின் மானமும் நின்றிருக்கும். புத்தகத்தைப் பார்க்கும் உரிமை எங்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் இருந்ததை நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது சோம்பல். திருடனுக்கு அந்தச் சோம்பல் வசதி. நேர்மையானவருக்கோ அதனால் சாட்சி இல்லாமல் போகிறது.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. புதிய தொகுப்பின் மற்ற பகுதிகளைப் பற்றிச் சங்கங்களுக்குக் கடுமையான மறுப்புகள் உண்டு. ஆனால் உறுப்பினர் கணக்கைப் பார்க்கும் உரிமை அதிலும் தொடர்கிறது. எத்தனை பேர் போய்ப் பார்ப்பார்கள் என்பதுதான் இன்றும் கேள்வி.

பொருளாளர் இன்று இல்லை. இறந்த வீட்டுக்கு நால்வரும் போயிருந்தோம். தளம் போட்டதற்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணைச் சீட்டுகளை அவர் மனைவி எடுத்துக் காட்டினார். நாங்கள் கேட்கவில்லை. ஒன்றுவிடாமல் தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றைக் கையில் வாங்கிப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.