ஆளை உண்டாக்குதல்

கொலை நடந்த இடத்தைப் பார்த்தே கொலைகாரனின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம் என்று அமெரிக்க எஃப்.பி.ஐ.காரர்கள் 1980-களில் ஒரு பாகுபாடு செய்தார்கள். சிறையிலிருந்த 36 கொலைகாரர்களைப் பேட்டி கண்டதன் பலன். ஆயுதத்தைக் கையோடு கொண்டுவந்து, கையோடு எடுத்தும் போனவன் திட்டக்காரன். புத்திசாலி, உத்தியோகம் உள்ளவன். அகப்பட்டதை எடுத்து அடித்து, அங்கேயே போட்டுவிட்டு ஓடியவன் நிதானமற்றவன். தனிக்கட்டை, வீடும் பக்கத்தில்தான்.

கதை எழுதுகிறவனுக்கு இது பழகிய வித்தை. ஒரு மூக்குக் கண்ணாடி போதும், ஆளையே உண்டாக்கிவிடுவோம். தப்பாகப் போனால் வாசகர் கடிதம் வரும், அவ்வளவுதான்.

2004-இல் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 100 கொலைகளை அலசினார்கள். இரண்டு வகையாக அவை பிரியவே இல்லை. அநேகமாக எல்லாவற்றிலும் திட்டத்தின் சாயல் இருந்தது.

ஏட்டுச் சண்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. 1992-இல் லண்டனில், விம்பிள்டன் காமன் என்ற திறந்த வெளியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். கொலைகாரன் இப்படிப்பட்டவன் என்று நிபுணர் ஒருவர் ஊகித்துக் கொடுத்தார். அது ஒருவனுக்குப் பொருந்தியது. பெண் போலீஸ் ஒருத்தியை அவனோடு மாதக்கணக்கில் பழகவிட்டார்கள். கொன்றேன் என்று அவன் சொல்லவில்லை. 1994-இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். உண்மையான ஆள் ஒப்புக்கொண்டது 2008-இல். அதற்குள், 1993-இலேயே, அவன் இன்னொரு பெண்ணையும் அவளுடைய நான்கு வயதுக் குழந்தையையும் கொன்றிருந்தான்.