முள்ளு கால்ல நின்னுச்சு, வண்டி ரோட்டுல நின்னுச்சு

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். கார் வச்சிருக்கிறவங்க கட்டாயம் படிங்க. இல்லாதவங்களுக்கும் கடைசியில ஒரு விஷயம் இருக்கு.

நான் மயக்க மருந்து டாக்டர். ராத்திரி எந்த நேரத்துல போன் வந்தாலும் கிளம்பணும். ஆபரேஷன் பண்ற டாக்டர் கை கழுவி ரெடியா நின்னாலும், நான் போகாம எதுவும் ஆரம்பிக்காது.

2/
சில மாசம் முன்னாடி ஒரு நாள், ராத்திரி ஒன்றரை மணி. ஒரத்தநாட்டுல ஒரு அவசர சிசேரியன். குழந்தையோட இதயத்துடிப்பு குறையுது, அங்க வழக்கமா வர்ற மயக்க டாக்டர் ஊர்ல இல்ல, உடனே வாங்கன்னு போன்.

தஞ்சாவூர்ல இருந்து கிளம்பினேன். ஸ்டார்ட் பண்ணதும் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். கால் டேங்க். ஒரத்தநாடு போயிட்டு வர தாராளமா போதும்.

சூரக்கோட்டை தாண்டி கொஞ்ச தூரத்துல வண்டி ரெண்டு தடவை உதறிட்டு நின்னுருச்சு.

3/
சாவியைத் திருப்பினா முள்ளு இன்னும் கால்லயே நிக்குது. பெட்ரோல் கம்மின்னு எச்சரிக்கிற மஞ்சள் லைட்டும் எரியல. அதனால பெட்ரோல்னு எனக்குத் தோணவே இல்ல. பேட்டரியா, பம்பான்னு போன் வெளிச்சத்துல பானெட்டைத் திறந்து பார்த்துட்டு இருந்தேன். பத்து நிமிஷம் அதுலயே போச்சு.

கடைசியா பின்னாடி போய் காரைப் பிடிச்சு ஆட்டினேன். வீட்டுல கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. உள்ள ஒரு சத்தமும் இல்ல.

4/
தஞ்சாவூர்ல மீன் இறக்கிட்டு மல்லிப்பட்டினம் திரும்பிட்டு இருந்த ஒரு குட்டி யானை வந்துச்சு. கை காட்டினேன். "ஏறுங்க சார்"னு ஒரே வார்த்தைதான் அந்தத் தம்பி சொன்னாரு. வேற எதுவும் கேக்கல.

நான் போய்ச் சேர்ந்தப்ப 25 நிமிஷம் லேட். குழந்தை பொறந்ததும் அழல. குழந்தைகள் டாக்டர் முகத்துல மாஸ்க் வச்சு காத்து கொடுத்தாரு. அழ ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. தாயும் பிள்ளையும் இப்ப நல்லா இருக்காங்க.

நான் லேட்டா போனதுதான் காரணமா? தெரியாது. இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது.

5/
இப்ப நான் ஒத்துக்க வேண்டிய விஷயம். ரெண்டு மாசமாவே அந்த முள்ளு சரியில்லைன்னு எனக்குத் தெரியும்.

அரை டேங்க் வரைக்கும் ஒழுங்கா இறங்கும். கால்ல வந்ததும் ரெண்டு மூணு நாள் அங்கயே நிக்கும். வேகத்தடையில ஏறி இறங்கினா சட்டுனு விழும். "வண்டி மைலேஜ் நல்லா குடுக்குது"ன்னு வீட்டுல சிரிச்சிருக்கேன்.

"நெஞ்சுவலி வருது டாக்டர், தானா போயிடுது, அதனால விட்டுட்டேன்"னு ஒரு நோயாளி சொன்னா நான் என்ன சொல்லியிருப்பேன்? அதே வேலையைத்தான் நானும் பண்ணியிருக்கேன்.

6/
மறுநாள் போன பட்டறையில "மீட்டர் போர்டையே மாத்திடலாம் டாக்டர்"னாங்க. சொன்ன தொகையைக் கேட்டு யோசிச்சுட்டு, தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். அவரு சொன்னதை அப்படியே எழுதுறேன்:

"சார், பொய் சொல்றது முள்ளா, இல்ல முள்ளுக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளான்னு பாக்காம எப்படி மாத்துறது?"

7/
இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். மூணே பகுதிதான்.

டேங்க்குக்குள்ள ஒரு மிதவை. அது ஒரு கம்பியோட நுனியில இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க மிதவையும் இறங்கும். கம்பியோட மறுமுனையில இருக்கிற சின்ன தொடுமுனை, ஒரு மின்தடைப் பட்டை மேல உரசிக்கிட்டே நகரும். பட்டையில அது எங்க நிக்குதோ, அதுக்கேத்த மாதிரி மின்தடை மாறும்.

அந்த மாற்றம் ஒயர் வழியா முன்னாடி வருது. முள்ளு அதைத்தான் காட்டுது. முள்ளுக்குப் பெட்ரோலைப் பத்தி எதுவும் தெரியாது. மின்தடை மட்டும்தான் தெரியும்.

8/
அண்ணன் முதல்ல டேங்க் பக்கம் இருக்கிற கனெக்டரைக் கழட்டினாரு. முள்ளு ஒரு கோடிக்குப் போச்சு. அதே ஒயரை எர்த் பண்ணினதும் மறு கோடிக்குப் போச்சு. அப்ப முள்ளும் நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு. மீட்டர் போர்டை மாத்தியிருந்தா காசு தண்டம்.

(இதை வீட்டுல நீங்களே செஞ்சு பாக்காதீங்க. எந்த ஒயர், நேரடியா எர்த் பண்ணலாமாங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். புது வண்டிகள்ல நடுவுல கம்ப்யூட்டர் வேற இருக்கு.)

9/
அடுத்து எர்த் ஒயரைப் பார்த்தாரு. இது நிறைய பேர் விட்டுடுற இடம். எர்த் ஒயர் பாடியில சேர்ற இடம் துருப்பிடிச்சா, துருவே ஒரு மின்தடை. டேங்க்குல எல்லாம் சரியா இருந்தாலும் முள்ளு தப்பா காட்டும். உப்புத்தாள் வச்சுத் தேச்சு இறுக்கினாலே சில வண்டிகள் சரியாயிடும்னாரு.

என் வண்டியில எர்த் சுத்தமா இருந்துச்சு. மிச்சம் டேங்க்தான்.

10/
என் கார்ல பின் சீட்டைத் தூக்கினா ஒரு மூடி இருக்கு, அதுக்குக் கீழதான் பம்பும் மிதவையும். கேக்க ஈஸியா இருக்கும். ஆனா பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், கீழயே தங்கும், ஒரு பொறி போதும். அண்ணன் டேங்க்குல பெட்ரோல் கொஞ்சமா இருக்கிறப்பதான் திறந்தாரு. அதுவும் வெளியில காத்தோட்டமான இடத்துல, லைன்ல இருக்கிற அழுத்தத்தை இறக்கிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டினப்புறம். என் போனைக்கூட தள்ளி வைக்கச் சொன்னாரு.

யூட்யூப் பார்த்து வீட்டு ஷெட்டுல இதைச் செய்யாதீங்க. தீக்காய வார்டை நான் பார்த்திருக்கேன்.

11/
யூனிட்டை வெளிய எடுத்து மல்டிமீட்டரை மாட்டி, கம்பியை மெதுவா மேல இருந்து கீழ இறக்கினாரு. எண் சீரா மாறிக்கிட்டே வந்துச்சு. கால் டேங்க் இடத்துல வந்ததும் எண்ணும் நின்னுச்சு, கம்பியும் நின்னுச்சு. விரலால தட்டினா விழுது.

பட்டையைக் காட்டினாரு. அந்த இடத்துல மட்டும் பள்ளம் விழுந்திருந்துச்சு. தொடுமுனை அதுல தட்டி நிக்குது. என் வண்டியில மஞ்சள் லைட்டுக்கும் தகவல் இதே இடத்துல இருந்துதான் போகுது. அதனாலதான் அதுவும் எரியல.

"சார், ஐந்நூறு ஐந்நூறா போடுவீங்களா?"ன்னு கேட்டாரு.

ஆமா. வண்டி வாங்கினதுல இருந்து அப்படித்தான். மிதவை எப்பவும் அந்தக் கால் பாகத்துக்குள்ளயே ஏறி இறங்கி, அந்த இடத்தை மட்டும் தேச்சிருக்கு.

12/
"தொடுமுனையைக் கொஞ்சம் வளைச்சு விட்டா தேயாத இடத்துல ஓடும். ஆனா அது தற்காலிகம்தான் சார்"னாரு. "வேணாம்ண்ணே, மாத்திடுங்க"ன்னேன். என் வண்டிக்கு மிதவை யூனிட் தனியா கிடைச்சுது. சில வண்டிகளுக்கு பம்போட சேர்த்துத்தான் வாங்கணும். மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் வளையத்தையும் புதுசா போட்டாரு. பழசைப் போட்டா கசிஞ்சு காருக்குள்ள பெட்ரோல் வாசனை வரும்.

13/
மாத்தினப்புறம் சரிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? என் டேங்க் 35 லிட்டர். முள்ளு கால்ல நிக்கிறப்ப பங்க்ல ஃபுல் பண்ணினா 26 லிட்டர் பக்கத்துல பிடிக்கணும். 33 லிட்டர் பிடிச்சா முள்ளு பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

பழைய முள்ளோட பொய் எனக்குத் தெரியாம போனதுக்குக் காரணமும் இதுதான். நான் ஒரு தடவைகூட ஃபுல் பண்ணல.

டேங்க் நேரான டப்பா இல்ல, வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். மேட்டுல நிறுத்தினாலும் மாறும். அது கோளாறு இல்ல.

14/
இன்னொரு பழக்கம். ஃபுல் பண்ணும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரை சைபர் பண்ணுங்க. என் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் குடுக்கும். 35 லிட்டருக்கு 525. நான் 400 ஆனா பங்க்குக்குப் போயிடுவேன், முள்ளு என்ன சொன்னாலும் சரி. பெட்ரோல் பம்ப் குளிர்ச்சியா இருக்கிறதே சுத்தி இருக்கிற பெட்ரோலாலதான். எப்பவும் அடியிலயே ஓட்டினா பம்புக்கும் ஆகாது.

15/
வேடிக்கை என்னன்னா, கேஜை நம்பக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே என் தொழில்தான். நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டர்ல உள்ள திரவம் தீர்ற வரைக்கும் கேஜ் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும். அப்புறம் மளமளன்னு இறங்கும். உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா எடை போடணும். முதல் வருஷ மாணவருக்கே இதை நான் சொல்லிக் குடுக்கிறேன்.

உங்க வீட்டு மிஷின்களும் இப்படித்தான். கைக்குச் சின்னதான பட்டையைச் சுத்தினா பிபி அதிகமா காட்டும். பழம் உரிச்ச விரலைக் கழுவாம குத்தினா சுகர் அதிகமா காட்டும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி, எண் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. கழுவித் துடைச்சிட்டு இன்னொரு தடவை எடுங்க.

16/
அந்தக் குட்டி யானைத் தம்பி காசு வாங்கல. "போய் வேலையைப் பாருங்க சார்"னுட்டு ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிட்டாரு. நம்பர்கூட வாங்கத் தோணல எனக்கு. மல்லிப்பட்டினம் பக்கம் யாராவது இதைப் படிச்சா அவருகிட்ட சொல்லுங்க: பொண் குழந்தை, நல்லா இருக்கு.

உங்க வண்டி முள்ளு எங்கயாவது நின்னு நின்னு இறங்குதா? இந்த ஞாயித்துக்கிழமையே காட்டிடுங்க.