டைகர் பாம் தோட்டத்து மருமகள்

சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால், பெட்டியில் டைகர் பாம் இல்லாமல் வருவார்களா? அந்தச் சின்னச் சீசாவின் வருமானத்தில் எழுந்த தோட்டம் ஒன்று அங்கே பாசிர் பாஞ்சாங்கில் இருக்கிறது. பெயர் ஹா பார் வில்லா. நூற்றுக்கணக்கில் வண்ண வண்ணச் சிமென்ட் பொம்மைகள்! ஆனால் போகிறவர்கள் தேடி ஓடுவதென்னவோ நரகக் காட்சிக்குத்தான். பாவிகளை அறுப்பதையும் வதைப்பதையும் பார்த்து, "அம்மாடி!" என்று திரும்பிவிடுகிறார்கள். கவனிக்காமல் விடுவது எத்தனையோ!

ரங்கூனில் மருந்துக் கடை வைத்திருந்த சீன வைத்தியரின் பிள்ளைகள் ஆ பூன் ஹாவும் ஆ பூன் பாரும். ஹா என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. தம்பிக்காக அண்ணன் 1937-ல் இங்கே மாளிகையும் தோட்டமும் அமைத்தார். பாவம், அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. யுத்தம் வந்தது. ரங்கூன் போன தம்பி 1944-ல் அங்கேயே காலமானார். யுத்தம் முடிந்து திரும்பிய அண்ணன், சிதைந்த மாளிகையை இடித்துவிட்டுத் தோட்டத்தை மட்டும் சீர்செய்தார். பெற்றோருக்கும் சகோதரர்களுக்கும் எழுப்பிய நினைவுத் தூண்கள் அங்கே நிற்கின்றன. அவற்றின் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

அடுத்து, ஒரு மருமகளைப் பாருங்கள். பல்லெல்லாம் போய், சாப்பிட முடியாத கிழவிக்குத் தன் பாலையே கொடுக்கிறாள்! சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். பெரியவர்களைப் பேணுவதைச் சொல்லும் பழைய சீனக் கதை இது. பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் கதையைச் சொல்லுங்கள். "மருமகளுக்கு மட்டும்தானா இந்தக் கடமை?" என்று பெண் கேட்டால், அதையும் பேசத்தானே வேண்டும்!

சூதாட்டம், அபின் இவற்றின் கேட்டைக் காட்டும் பொம்மைகளும் உண்டு. பிழைக்க வந்த சீனக் குடும்பங்கள் எதற்குப் பயந்தன என்பது அதில் தெரிகிறது.

இதெல்லாம் தப்பியதே பெரிது. 1990-ல் இதை டிராகன் உலகம் என்ற கேளிக்கைப் பூங்காவாக மாற்றி, கட்டணமும் வைத்தார்கள். நஷ்டம்தான் மிஞ்சியது. இதே சகோதரர்கள் ஹாங்காங்கில் அமைத்த தோட்டமோ 2004-ல் இடிபட்டுப் போயிற்று; மாளிகை தப்பியது.

தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. நரகக் காட்சி 2021 முதல் தனி அருங்காட்சியகமாகிவிட்டது. அதற்கு டிக்கெட் உண்டு. கைக்குழந்தையும் சின்னதுகளும் கூட இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ராத்திரி தூங்காமல் அழும். வெயில் ஏறுமுன் போய், தண்ணீரும் தொப்பியும் மறக்காமல், மெதுவாகச் சுற்றுங்கள். இனி டைகர் பாம் சீசாவைத் திறக்கும்போது அந்த அண்ணன் தம்பியும் நினைவுக்கு வருவார்கள்!