வளர்ற புள்ளைக்கு ரெண்டு சைஸ் பெருசா...

நெல்லையில் எனக்கு வாங்கின பள்ளிக்கூட ஷூ எல்லாமே ரெண்டு சைஸ் பெரிசு. முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு ஒரு வருஷம், சரியான அளவில் ஒரு வருஷம், சுண்டுவிரல் எட்டிப் பார்க்க இன்னொரு வருஷம். ஆக மூணு வருஷம். பி.காம். சேரும் முன்பே தேய்மானக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது அம்மாதான்.

அதே கணக்கைப் பெரியவளின் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டிலும் போட்டேன். வசமாக மாட்டிக்கொண்டேன்.

செம்பூரில் ஐஸ் ஹாக்கியா என்று சிரிக்காதீர்கள். இங்கே ஐஸ் என்றால் கரும்புச்சாறுக் கடைதான் ஞாபகம் வரும். கோராய் எஸ்ஸெல்வேர்ல்டில் ஒரு சறுக்குத்தளம் இருந்தது. 2022ல் அந்தப் பூங்காவையே மூடிவிட்டார்கள். நம் பிள்ளைகள் ஆடுவது இன்லைன் ஹாக்கி. ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட், சிமெண்ட் தரை. அதில் ருசி கண்டவர்கள் சிலர் குளிர்காலத்தில் லடாக்கில் இருக்கும் லேக்குப் போய் நிஜ ஐஸில் இறங்குகிறார்கள். 2024 ஜனவரியில் பெரியவளும் கிளம்பினாள். பன்னிரண்டு வயசு.

ஸ்கேட் விலை 18,000 ரூபாய். "வளர்ற பிள்ளை, பெரிசாவே இருக்கட்டும்" என்றேன். தங்கமணி முறைத்தாள். நான் பேங்க் ஆபீசராச்சே, கேட்பேனா?

நாலாம் நாள் போன் வந்தது. "கால் ஒரு பக்கம் போகுதுப்பா, ஷூ வேற பக்கம் போகுது." மறுநாள் கணுக்கால் பிசகிவிட்டது. மீதி நாளெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். அங்கே இயற்கை ஐஸ் நிற்பதே ரெண்டு, ரெண்டரை மாசம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

மாட்டுங்கா எலும்பு டாக்டரைப் பார்த்த கையோடு, ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே தோல் தொழிலை ஊன்றியவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பை தைக்கும் அண்ணாச்சி எனக்குப் பழக்கம். உள்ளே தோல் வைத்துச் சின்னதாக்க முடியுமா என்று கேட்டேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு காலு போகும் போலுக்கே சார்! தைச்சுத் தாரேன், துட்டும் வாங்கிக்கிடுதேன். ஆனா புள்ள காலு நிக்காது. அளவு தப்பிட்டுன்னா எம்புட்டு உழைச்சு என்ன?"

அங்கேயே என் தேய்மானக் கணக்கு அடிபட்டுப்போனது.

அடுத்த ஜோடிக்கு ஒழுங்காகப் படித்தேன். நம்மூர் ஷூ பிரிட்டிஷ் அளவு. ஸ்கேட் அளவோ அமெரிக்க ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக வரும். ஆகவே நம்பரை விட்டுவிட்டு, பிள்ளையை நிற்க வைத்து ரெண்டு காலையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகப் படவேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்காரவேண்டும். கயிற்றைத் தளர்த்தி, காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையலாம். ரெண்டு விரல் தாராளமாகப் போனால் வேண்டாம்.

உழைக்குமா என்பது இதற்கு அப்புறம்தான். கணுக்கால் பக்கத்தைக் கையால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் மடங்கினால் சீக்கிரம் தொய்ந்துவிடும். ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் பிளேடு கொஞ்சம் தேயும். அதனால் பிளேடை மட்டும் தனியாக மாற்றக்கூடிய மாடலாக வாங்குங்கள். நம்ம மும்பைக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். ஆடி முடித்ததும் துடைத்து, துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். மாட்டியே வைத்தால் ஈரம் உள்ளே தங்கிவிடும்.

லடாக்கில் அந்தக் காலத்தில் ராணுவ பூட்ஸின் அடியில் தகட்டைப் பொருத்தி ஆடியவர்கள் உண்டு. அந்த மண்ணின் பெண்கள் நிறைந்த இந்திய அணி 2025ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. செய்தியைப் பார்த்துப் பெரியவள் போட்ட கூச்சலில் பக்கத்து ஃபிளாட் மாமி கதவைத் தட்டிவிட்டார். கூச்சலுக்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் ஜனவரியில் அவளும் லேயில் முழுசாக ஆடிவிட்டு வந்திருந்தாள். முதல் நாள் ராத்திரி போனில் சொன்னது ஒரே வரி: "அப்பா, ஷூ இருக்கிறதே தெரியலை."

பி.கு.: அந்த ஜோடி இப்போது அவளுக்கு இறுக்கம். பிளேடில் இன்னும் இரும்பு இருக்கிறது, தையல் ஒன்றும் விடவில்லை. சின்னவனுக்கு ஆச்சு என்று பரணில் ஏற்றப் போனேன். தங்கமணி அளவு டேப்பைக் கையில் கொடுத்து, "முதல்ல அவன் காலை அளங்க" என்றாள்.