தேயிலை மண்ணில் கறிமிளகாய்

2024 ஜனவரி 16
பொங்கல் லீவு முடிந்தது. மழை விடவில்லை, மடுல்சீமை மலையெல்லாம் மூட்டம். லயத்துக்குப் பின்னால், கிழட்டுத் தேயிலை பிடுங்கிய துண்டில் போன மாதம் நட்ட கறிமிளகாய் ஒரு சாண்கூட ஏறவில்லை. இலையைப் புரட்டினேன். நரம்போரமெல்லாம் கத்தரிக்காய்த் தோல் நிறம். "யூரியாவ வீசு தம்பி, பச்ச ஏறிடும்" என்றார் பக்கத்துக் காம்பரா மாமா. அவருக்கு எல்லா நோய்க்கும் யூரியாதான்.

ஜனவரி 19
விவசாயப் போதனாசிரியரிடம் மண் கொண்டுபோனேன். பி.எச். 4.6. தேயிலைக்கு அது தாய்வீடு. கறிமிளகாய்க்கு 6 பக்கம் வேண்டும். இலையின் ஊதா பொஸ்பரஸ் போதாததன் அடையாளமாம். அப்படியானால் நடும்போது தூவிய டி.எஸ்.பி. பொஸ்பேட் உரம் எங்கே போனது என்று கேட்டேன். எங்கும் போகவில்லையாம். இந்தப் புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரசை இறுக்கிக்கொள்ளும், வேருக்கு விடாது. போதாததற்கு இந்தக் குளிர். மண் சில்லிட்டால் வேர் இழுப்பதும் குறையும்.

ஜனவரி 21
செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். மண்ணின் புளிப்பு குறைய, பத்தடிக்கு மூன்றடிப் பாத்திக்கு முக்கால் கிலோ டொலமைட், கொத்திக் கலந்தாயிற்று. இனி நாலு வாரம் சும்மா இருக்கவேண்டும். மாமாவிடம் எப்பாவல பொஸ்பேட் அரைச் சாக்கு கிடக்கிறது, தருகிறேன் என்கிறார். அநுராதபுரம் பக்கம் வெட்டும் பாறைத்தூள் அது. கரைவதற்கே புளிப்பு மண் வேண்டும், அதுவும் மெல்லத்தான். வருஷக்கணக்கில் நிற்கும் தேயிலைக்குப் பொருந்தும். மூன்று மாதத்தில் காய்க்கவேண்டிய செடிக்கு, அதுவும் டொலமைட் போட்ட பாத்தியில், எதற்கு? 2021 மேயில் அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திறக்கும்வரை எப்பாவலத் தூளையும் சாணியையும் நம்பிக் கிடந்த ஞாபகம் மாமாவுக்கு.

பெப்ரவரி 18
குழிக்கு ஒரு தேக்கரண்டி டி.எஸ்.பி., மக்கிய மாட்டெரு இரண்டு கை, இரண்டு விரல் மண், மேலே நாற்று. யூரியா மழைத்தண்ணியோடு ஓடும். பொஸ்பரஸ் போட்ட இடத்தில் கிடக்கும். வேர்தான் அதனிடம் போகவேண்டும். போன முறை மேலாகத் தூவியது என் மடத்தனம். யூரியாவே போதும் என்று பந்தயம் கட்டிய மாமாவுக்காக ஓரத்தில் நாலு செடி: டொலமைட் இல்லை, யூரியா மட்டும்.

மார்ச் 24
பாத்தியில் ஊதா இல்லை. பூ வந்துவிட்டது. மாமாவின் செடிகள் கரும்பச்சையாய்க் குந்தியிருக்கின்றன.

மே 4
முதல் பறிப்பு. பாத்தியின் 12 செடியில் ஒன்றேமுக்கால் கிலோ. மாமாவின் நாலு செடியில் ஐந்து காய், அதில் ஒன்று அழுகல். மண்ணை மறுபடி பார்த்தார்கள்: 5.4. அடுத்த போகத்துக்கு முன் இன்னொரு முறை டொலமைட் போடவேண்டும்.