சித்தப்பா வீட்டு வட்டியும் அப்பாயி முழங்காலும்

டெக்சாஸில் சித்தப்பா வீட்டு மாடிப்படி மொத்தம் 16. அப்பாயி வந்த முதல் நாளே எண்ணிச் சொல்லிவிட்டார். பெட்ரூம் எல்லாம் மாடியில். கீழே ஹால், கிச்சன், டைனிங் ரூம், ஒரு சின்ன பாத்ரூம், அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா!". எட்டாவது படியில் இடைவேளை.

மாடி இல்லாத வீட்டுக்கு மாறிவிடலாம் என்று 2024 கோடையில் சித்தப்பா முடிவு செய்தார். என்னிடம், "நீதான் எம்.எஸ். படிக்கிறியே, எக்ஸெல்ல போட்டுக் காமி" என்றார். போட்டேன். போட்டிருக்கவே வேண்டாம் :-(

அவர் வீடு வாங்கியது 2021 ஆரம்பத்தில். அந்த ஜனவரியில்தான் அமெரிக்காவில் 30 வருட வீட்டுக்கடன் வட்டி சராசரி 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. இவருக்குக் கிடைத்தது 2.875. 3 லட்சம் டாலர் கடனுக்கு மாதம் சுமார் 1245 டாலர், வரியும் இன்சூரன்சும் தனி. 2024-ல் வட்டி 7-ஐ ஒட்டி இருந்தது. அதே 3 லட்சத்துக்கு மாதம் சுமார் 1996. பெரிய வீடு ஒன்றும் இல்லை, படி இல்லாத வீடு, அதற்கு மாதாமாதம் 750 டாலர் கூடுதல்!

"பழைய கடனையே புது வீட்டுக்கு மாத்திக்க முடியாதா?" என்று அப்பாவியாகக் கேட்டேன். இங்கிலாந்திலும் கனடாவிலும் முடியும். ஆனால் அங்கே பொதுவாக 2 வருடம், 5 வருடம்தான் வட்டி நிலையாக இருக்கும். அமெரிக்காவில் 30 வருடமும் ஒரே வட்டி, ஆனால் அது அந்த வீட்டோடு கட்டிப்போட்டது. விற்றால் முழுக்கடனையும் கட்டு என்று பத்திரத்திலேயே ஒரு ஷரத்து இருக்கும். 1981-ல் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியபோது, வீடு வாங்கியவர்கள் விற்றவரின் பழைய குறைந்த வட்டிக் கடனையே தொடர்ந்து கட்டப் பார்த்தார்கள். வங்கிகள் அலறின. 1982-ல் கார்ன் - செயின்ட் ஜெர்மேன் சட்டம் வந்து வங்கிகள் பக்கம் நின்றது.

இதை விளக்கினால் அப்பாயிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "வளையலை வச்சு வாங்குன கடன், வளையலை மீட்டா முடிஞ்சு போச்சு. செயினுக்கு அந்த வட்டிய எப்படிடா தருவான்?" நான் இதற்கு ஒரு செமஸ்டர் ஃபைனான்ஸ் படித்தேன்.

ஒரு சந்து மட்டும் உண்டு. எஃப்.ஹெச்.ஏ., வி.ஏ. என்று அரசு உத்தரவாதம் உள்ள கடன்களை, கடன் கொடுத்தவர் சம்மதித்தால், வாங்குபவர் அதே வட்டியில் ஏற்றுக்கொள்ளலாம். சித்தப்பாவின் கடன் அந்த ரகம் இல்லை. ஆனால் விற்பவரின் கடன் அந்த ரகமாக இருந்தால் போதுமே! தேடித் தேடி ஒன்று கிடைத்தது. படியே இல்லை, வட்டி 3.25. விலை 3 லட்சத்து 90 ஆயிரம், பாக்கிக் கடன் 2 லட்சத்து 30 ஆயிரம். நடுவில் இருக்கும் 1 லட்சத்து 60 ஆயிரத்தைக் கையில் இருந்துதான் வைக்க வேண்டும். இவர் வீட்டை விற்றால் ஓரளவு தேறும், மிச்சத்துக்குச் சேமிப்பு.

விண்ணப்பம் போனது. சம்பளச் சீட்டு கேட்டார்கள், கொடுத்தோம். அதையே மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தோம். இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லை. விற்பவர் பாவம், அவருக்கும் வேறு ஊரில் வேலை. ரொக்கமாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சித்தி கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டு, "டைனிங் ரூமுக்கு ஒரு கதவு போட்டா என்ன?" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாத யோசனை!

கதவு போட்டாயிற்று. பக்கத்து பாத்ரூமில் ஷவர் வைக்க ஆன செலவு தனிக்கதை. "எனக்காகவாடா வீட்டையே விக்கப் பாத்தீங்க?" என்று அப்பாயி இரண்டு நாள் எல்லோரையும் திட்டினார், பிறகு ஜன்னல் பக்கம் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னார். மாடியில் என்ன இருக்கிறது என்று இப்போது கேட்பதே இல்லை. டைனிங் டேபிள் கராஜில் கிடக்கிறது. வார இறுதியில் போனால் எனக்கு அசைன்மெண்ட் அதில்தான். கார் வெளியே டெக்சாஸ் வெயிலில் காய்கிறது.